வேலூர் பக்கம் எச்ஐவி ஆய்வுல ஃபீல்டு வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு: எங்க ஆரம்பிக்கணும், எப்படி கேக்கணும்

எம்எஸ்டபிள்யூ முடிச்சிட்டு, இல்ல சைக்காலஜி, நர்சிங்னு ஏதோ ஒண்ணு படிச்சிட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் எச்ஐவி ஆய்வு ப்ராஜெக்ட்ல இன்டர்வியூ எடுக்க சேர்றவங்க மொதல்ல கேக்குறது "எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்"னுதான். சாஃப்ட்வேர ஒரு வாரத்துல யாராவது சொல்லிக் குடுத்துடுவாங்க. அதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்க வேண்டியது வேற நிறைய இருக்கு, அத வரிசையா சொல்றேன், உங்க ப்ராஜெக்ட்டுக்கு எது ஒத்து வருதோ அத எடுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். ரத்தம் எடுக்கறது, மாத்திரை குடுக்கறது நம்ம வேலை இல்ல. ஒருத்தர் ஏன் டெஸ்டுக்கே போறதில்ல, போனவர் ஏன் ரிசல்ட் வாங்க திரும்பி வரல, மாத்திரை ஆரம்பிச்சவர் ஏன் ஆறு மாசத்துல நிறுத்திட்டாரு, ஆணுறை கையில இருந்தும் ஏன் போடல, ஒரு பொண்ணு தனக்கு இருக்கறத ஏன் கூடப்பிறந்த அக்காகிட்ட கூட சொல்லல, இதெல்லாம்தான் நம்ம கேள்விங்க. இதுக்கு ரத்தத்துல பதில் கிடைக்காது, மனுஷங்க வாயத் தொறந்து சொன்னாதான் உண்டு. உண்மைய சொன்னா தனக்கு ஒரு சேதாரமும் வராதுன்னு அவங்க நம்பணும், நம்பலன்னா நமக்குப் பிடிச்ச பதில சொல்லி அனுப்பிடுவாங்க, நாமளும் அத கம்ப்யூட்டர்ல ஏத்தி சதவீதம் போட்டு ரிப்போர்ட் எழுதிடுவோம், அது எதுக்கும் உதவாது. கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்தச் சுத்திதான்.

இங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிட்டு வாங்க

இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு மொதல்ல தெரிய வந்ததுல நம்மூருக்கு நேரடி பங்கு இருக்கு. 1986-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டி, அவங்க ஸ்டூடண்ட் டாக்டர் செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழில்ல இருந்த பொண்ணுங்ககிட்ட ரத்தம் எடுத்து, ஐஸ்பாக்ஸ்ல வச்சு நைட் ட்ரெயின்ல காட்பாடி வந்து இறங்கி, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில டாக்டர் ஜேக்கப் ஜானோட லேப்ல டெஸ்ட் பண்ணாங்க. ஆறு சாம்பிள் பாசிட்டிவ். அதுக்கு முன்னாடி "நம்ம நாட்டுக்கு அது வராது"ன்னு நிறைய பேர் பேசிட்டு இருந்தாங்க.

அந்தக் கதையில இன்னொரு பக்கமும் இருக்கு, இந்த வேலைக்கு வர்றவங்க அதையும் பாக்கணும். அந்தப் பொண்ணுங்க நிறைய பேர் அடைபட்டு இருந்த ஹோம்ல இருந்தவங்க, எதுக்கு ரத்தம் எடுக்கறாங்கன்னு அவங்களுக்கு சொல்லப்படல. அப்ப அதுக்கு சட்டமும் இல்ல, வழக்கமும் இல்ல. இன்னிக்கு நாம ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காந்து விளக்கறோம்னா அது அந்த மாதிரி பொண்ணுங்க மேல இந்த நாடு வச்சிருக்கிற கடன்னு நான் நம்பறேன்.

மத்தத வேகமா சொல்லிடறேன். 1992-ல எச்ஐவி தடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு நாகோ, 1994-ல அதே வேலைக்கு தமிழ்நாட்டு அமைப்பு டான்சாக்ஸ். 1997-ல எச்ஐவி உள்ளோரே சேர்ந்து சென்னையில ஐஎன்பி ப்ளஸ் ஆரம்பிச்சாங்க, 1998-ல கௌசல்யா பெண்களுக்குன்னு பாசிட்டிவ் விமன் நெட்வொர்க். 2004 ஏப்ரல்ல அரசு ஆஸ்பத்திரியில ஏஆர்டி, அதாவது எச்ஐவிய கட்டுப்படுத்தற மருந்து, இலவசமாச்சு, மொத எட்டு சென்டர்ல தாம்பரமும் ஒண்ணு. 2017-ல இருந்து சிடி4 (ரத்தத்துல இருக்கற எதிர்ப்பு சக்தி அணுக்களோட கணக்கு) எவ்வளவு இருந்தாலும் பாசிட்டிவ்னா உடனே மருந்து. இப்ப நிறைய பேருக்கு டிஎல்டி, மூணு மருந்து ஒண்ணா சேர்ந்தது, தினம் ஒரே ஒரு மாத்திரை.

2011-ல எச்பிடிஎன் 052-ன்னு ஒரு ஆய்வு ரிசல்ட் வந்துச்சு, சென்னையும் புனேவும் அதுல இருந்துச்சு, பாசிட்டிவா இருக்கிறவர் சீக்கிரமே மருந்து ஆரம்பிச்சா துணைக்கு பரவறது 96 சதவீதம் குறையுதுன்னு காட்டுச்சு. அப்புறம் ஜோடில ஒருத்தருக்கு மட்டும் எச்ஐவி இருக்கறவங்கள வச்சு செஞ்ச பார்ட்னர் ஆய்வுங்க. ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிட்டா உடலுறவு மூலமா பரவாதுன்னு உறுதியாச்சு. இத நீங்க வாயால தெளிவா சொல்லத் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா இன்டர்வியூ முடிஞ்சதும் பாதிப் பேர் இததான் கேப்பாங்க, பல வருஷமா மருந்து எடுக்கறவங்களுக்கே இத யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

கேள்விய சுருக்குங்க

"வேலூர் மாவட்டத்தில் எச்ஐவி விழிப்புணர்வு"ன்னு தலைப்பு வச்சிட்டு வர்றவங்க அதிகம். அதுல ஒண்ணும் கிடைக்காது. கொசு கடிச்சா பரவுமா, சேர்ந்து சாப்ட்டா பரவுமான்னு கேட்டா பத்துல எட்டு பேர் சரியா சொல்லிட்டு, அவங்களே எச்ஐவி உள்ள ஒருத்தர் வீட்ல தண்ணி குடிக்க யோசிப்பாங்க. தெரிஞ்சிருக்கறது ஒண்ணு, செய்யறது வேற, நடுவுல இருக்கற அந்த இடம்தான் நம்ம ஆய்வு. "ஆம்பூர் ஷூ கம்பெனியில வேலை செய்யற, ஏஆர்டில இருக்கற பொண்ணுங்க மாச மாத்திரை வாங்க லீவு எப்படி கேக்கறாங்க" – இது ஒரு கேள்வி. "வாலாஜா டோல்கேட் பக்கம் வண்டி நிறுத்தற டிரைவருங்க ஐசிடிசிக்கு (அரசோட எச்ஐவி டெஸ்ட், கவுன்சிலிங் சென்டர்) போகாததுக்கு நேரம் காரணமா, பயம் காரணமா" – இது ஒரு கேள்வி. யாரு, எங்க, எந்த செயல்னு மூணும் அதுல இருக்கணும்.

அனுமதிக்கு நேரம் ஒதுக்குங்க

எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாம ஒரு ஆள்கிட்டயும் பேசக்கூடாது, பைலட், அதாவது முன்னோட்டம்னு சொல்லிக்கிட்டும் பேசக்கூடாது. ஐசிஎம்ஆரோட 2017 நெறிமுறை புக்க ஒரு தடவையாவது முழுசா படிங்க. ஏஆர்டி சென்டர், ஐசிடிசி உள்ள போய் ஆளுங்கள பாக்கணும்னா டான்சாக்ஸ் அனுமதி தனியா வேணும், அடுக்கம்பாறை ஜிஹெச்ல டாக்டர தெரியும், கவுன்சிலர் நம்ம சீனியர்னு போய் நிக்கறது தப்பு, அவங்களுக்கும் அது ஆபத்து. மாசக்கணக்குல ஆகும், திட்டத்துலயே அத எழுதி வச்சிடுங்க.

2017-ல வந்து 2018 செப்டம்பர் 10-ல அமலான எச்ஐவி சட்டம் இருக்கு. டெஸ்டுக்கும் சரி ஆய்வுக்கும் சரி, விவரம் சொல்லி சம்மதம் வாங்கணும்னும், ஒருத்தரோட நிலைய அவர் சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னும் அதுல இருக்கு. நீங்க ஃபீல்டுல கேள்விப்படற ஒவ்வொண்ணுக்கும் இது பொருந்தும், ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. பஸ்ல கொலீக்கிட்ட "அந்த சத்துவாச்சாரி அக்கா கேஸ்"னு பேசறது கூட இதுலதான் வரும். வேலூர் சின்ன ஊரு, பின்னாடி சீட்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு நமக்கு தெரியாது.

எச்ஐவி உள்ளோர கூட வச்சுக்கோங்க, கடைசியில இல்ல, ஆரம்பத்துலயே

மாவட்டத்துல எச்ஐவி உள்ளோரே சேர்ந்து நடத்தற நெட்வொர்க் இருக்கு, திருநங்கைகள் அமைப்பு இருக்கு, எச்ஐவி வர வாய்ப்பு அதிகம் இருக்கற குழுவுங்களுக்கான டிஐ ப்ராஜெக்ட்ல அதே குழுவுல இருந்து வந்த பியர் எஜுகேட்டருங்க, ஓஆர்டபிள்யூங்கற களப்பணியாளருங்க இருக்காங்க. கேள்வித்தாள எழுதி முடிச்சிட்டு "ஒரு தடவ பாத்து சொல்லுங்க"ன்னு போகாதீங்க, எழுதறதுக்கு முன்னாடி போங்க. எந்தக் கேள்விக்கு ஆளு எழுந்து போயிடுவாங்க, எந்த நேரத்துல எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது, எந்த ஆளு மூலமா போனா கதவு தொறக்கும், எல்லாம் அவங்களுக்கு தெரியும். அவங்க நேரத்துக்கு பட்ஜெட்ல காசு போடுங்க. டீ வாங்கிக் குடுத்து ஆலோசனை வாங்கற பழக்கம் இந்த துறையில ரொம்ப நாளா இருக்கு, அது நியாயம் இல்ல.

பியர் எஜுகேட்டரையே இன்டர்வியூ எடுக்க வைக்கலாமான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். ஆள கூட்டிட்டு வர, நம்பிக்கை குடுக்க அவங்கதான் சரி. ஆனா பேட்டி எடுக்கும்போது அவங்க பக்கத்துல வேண்டாம், ஏன்னா ஆணுறை குடுத்தவரே எதிர்ல உக்காந்து "போடறீங்களா"ன்னு கேட்டா யாரு இல்லன்னு சொல்லப் போறாங்க?

யார்கிட்ட கேக்கறீங்கங்கறதுலயே பாதி பதில் இருக்கு

2006 வரைக்கும் இந்தியாவுல 50 லட்சத்துக்கு மேல எச்ஐவி உள்ளோர் இருக்காங்கன்னு கணக்கு சொல்லிட்டு இருந்தாங்க. 2007-ல அது 25 லட்சமா இறங்குச்சு. நோயாளிங்க திடீர்னு குறைஞ்சிடல. அதுவரைக்கும் கர்ப்பிணி கிளினிக், பால்வினை நோய் கிளினிக்னு குறிப்பிட்ட இடத்துக்கு வர்றவங்க டெஸ்ட்ட வச்சு மொத்த ஜனத்துக்கும் கணக்கு போட்டாங்க, அப்புறம் என்எஃப்எச்எஸ்ங்கற தேசிய குடும்ப நல ஆய்வோட மூணாவது சர்வேல வீடு வீடா போய் சுமார் ஒரு லட்சம் பேருக்கு டெஸ்ட் பண்ணதும் நிஜம் தெரிஞ்சுச்சு. ஆள எங்க புடிக்கறோமோ அதப் பொறுத்து நம்பர் மாறும், இத மனசுல வச்சுக்கோங்க.

ஏஆர்டி சென்டர் வாசல்ல நின்னு நூறு பேர்கிட்ட "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் சாப்பிடறாங்கன்னுதான் வரும், ஏன்னா சாப்பிடாதவர் அங்க வரவே இல்ல. நிறுத்தினவங்களப் பத்தி தெரியணும்னா நிறுத்தினவங்கள தேடணும், அது நெட்வொர்க் மூலமா, அதுவும் அவங்க சம்மதம் வாங்கின பிறகு. அதே மாதிரி வீடு வீடா போற சர்வேயும் எல்லாத்துக்கும் ஆகாது, நாட்டுல வயசு வந்தவங்கள்ல 0.2 சதவீதம் பேருக்குத்தான் எச்ஐவி, ஆயிரம் பேர பாத்தா ரெண்டு பேர் கிடைக்கலாம், அவங்களும் சொல்ல மாட்டாங்க.

வெளிய தெரியாம இருக்கற குழுவுக்கு, அதாவது ஆணோட உறவு வச்சிருக்கற ஆண்கள், போதை ஊசி போடறவங்க மாதிரி, ஆர்டிஎஸ்னு ஒரு முறை இருக்கு, 1997-ல ஹெக்கதார்ன்னு ஒருத்தர் கொண்டு வந்தது. மொதல்ல கொஞ்ச பேர எடுத்து பேட்டி முடிச்சு, ஆளுக்கு மூணு கூப்பன் குடுப்போம், அவங்க தெரிஞ்சவங்களுக்கு குடுப்பாங்க, கூப்பன் கொண்டு வர்றவங்க பேட்டி குடுத்து அவங்களும் மூணு எடுத்துட்டு போவாங்க. பேரு, அட்ரஸ் எதுவும் நமக்கு தேவையில்ல, கூப்பன் நம்பர் போதும். இதுல நாம கவனிக்க வேண்டியது, உங்களுக்கு இந்த மாதிரி எத்தன பேர தெரியும்னு கேக்கற கேள்விய சும்மா கேட்டு தாண்டிடக் கூடாது, கடைசில கணக்கு போடறதே அத வச்சுத்தான். கூப்பன் பேப்பர்ல எச்ஐவின்னு எங்கயும் அச்சடிக்காதீங்க, சட்டைப் பாக்கெட்ல இருந்து வீட்ல யாராவது எடுத்துப் பாப்பாங்க.

கேள்வித்தாள்

எடுத்த உடனே செக்ஸ் கேள்விக்கு போகாதீங்க, அதுக்காக கடைசில அவசரமா திணிக்கவும் கூடாது. வயசு, வேலை, வீட்ல யாரு யாரு, உடம்பு எப்படி, அப்புறம் மாத்திரை, அப்புறம் உறவு, அப்புறம் திரும்ப லேசான கேள்விக்கு வந்து முடிங்க. அழ வச்சிட்டு கெளம்பற மாதிரி கடைசி கேள்வி இருக்கக் கூடாது.

"நீங்க வழக்கமா ஆணுறை போடுவீங்களா"ன்னு கேட்டா "ஆமா"தான் வரும். "கடைசி தடவ போட்டீங்களா"ன்னு கேளுங்க. அதுக்கு ஒரு நாள், ஒரு சம்பவம் ஞாபகம் வரும், பதில் சரியா இருக்கும். ஆறு மாசம், ஒரு வருஷம்னு காலம் சொல்லி கேட்டா யாருக்கும் கணக்கு தெரியாது, ஊரு விசேஷத்த புடிச்சுக்கோங்க. குடியாத்தத்துல "கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேட்டா டக்குனு சொல்வாங்க. ரத்தினகிரி பக்கம் ஆடி கிருத்திகை, வாணியம்பாடி, ஆம்பூர்ல ரம்ஜான். ரம்ஜான் மாசம் நோன்பு நேரத்துல உறவு சம்பந்தமா கேக்க போகாதீங்க, தேதிய தள்ளி வைங்க.

களங்கத்த, அதாவது ஸ்டிக்மாவ, அளக்கறதுக்கு ஏற்கனவே அளவுகோல் இருக்கு, நீங்களா உக்காந்து பத்து கேள்வி எழுத வேண்டாம். பெர்கர் ஸ்கேல் 2001-ல 40 கேள்வியோட வந்துச்சு, தென்னிந்தியாவுல சோதிச்சு பாத்து 25 கேள்வியா சுருக்கினது 2013-ல வந்துச்சு. எந்த ஸ்கேல் எடுத்தாலும் நாலு விஷயத்த பிரிச்சு பாருங்க. நெஜமாவே நமக்கு நடந்தது, தனி தட்டு வச்சாங்க, வாடகை வீட்ட காலி பண்ண சொன்னாங்க. அடுத்தவங்களுக்கு நடந்தத கேட்டு நமக்கு வர்ற பயம். ஊர்ல எல்லாரும் இப்படித்தான் நெனைப்பாங்கன்னு நாம நம்பறது. கடைசியா, நமக்கு இது வேணும்தான், நாம செஞ்ச பாவம்தான்னு தன்னையே குத்திக்கறது. நேரா ஒண்ணும் நடக்காதவங்க கூட ரெண்டாவதும் மூணாவதும் இருக்கறதால யார்கிட்டயும் சொல்லாம வாழறாங்க, அதனால "உங்கள யாராவது ஒதுக்கினாங்களா"ன்னு மட்டும் கேட்டு "இல்ல"ன்னு வந்தா களங்கம் இல்லன்னு எழுதிடாதீங்க, யாருக்கும் தெரியாதப்ப யாரு ஒதுக்குவாங்க?

நம்ம பக்கத்துல தொழுநோய்க்கு கரிகிரி ஆஸ்பத்திரி 1950-கள்ல இருந்து இருக்கு. நோய் குணமான பிறகும் ஊரு ஏத்துக்காம போன கதைய இந்த மாவட்டம் எச்ஐவிக்கு ரொம்ப முன்னாடியே பாத்திருக்கு, பெரியவங்ககிட்ட பேசும்போது அவங்களே அந்தப் பேச்ச எடுப்பாங்க, நிறுத்தாம கேளுங்க, நிறைய கிடைக்கும்.

மொழி விஷயம்: குடியாத்தம், காட்பாடி தாண்டி தெலுங்கு வரும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுல உருது பேசற வீடுங்க, சிஎம்சிய சுத்தி லாட்ஜுல பெங்கால், ஜார்க்கண்ட் ஆளுங்க. சென்னையில தயார் பண்ண எழுத்துத்தமிழ் கேள்வித்தாள இங்க அப்படியே படிச்சா முழிப்பாங்க. எட்டு பத்து பேர்கிட்ட மொதல்ல போட்டுப் பாருங்க, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது, உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேளுங்க.

முகத்துக்கு நேரா சொல்ல முடியாத விஷயத்துக்கு போலிங் பூத் சர்வேன்னு ஒண்ணு இருக்கு, கர்நாடகாவுல பெரிய அளவுல செஞ்சாங்க. பத்து பன்னெண்டு பேர் தனித்தனி மறைப்புக்குள்ள உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் கேள்விய சத்தமா படிப்பாரு, ஆமா இல்லன்னு அவங்கவங்க சீட்ட பெட்டியில போடுவாங்க. யாரு என்ன போட்டாங்கன்னு நமக்கே தெரியாது, குழுவோட மொத்த கணக்கு மட்டும் தெரியும். நேர்ல கேட்டப்ப வந்தத விட மறைக்கிற விஷயங்க இதுல கூடுதலா வந்துச்சு. நாம எவ்வளவு நல்லா பேசினாலும் முகம் பாக்கறதே ஒரு தடைதான்னு இதுல இருந்து தெரியுது.

சம்மதம் வாங்கறது

இது ஃபார்ம் நிரப்பற வேலை இல்ல. யாரு நடத்தறாங்க, என்ன கேப்போம், எவ்வளவு நேரம் ஆகும், ரெக்கார்ட் பண்ணுவோமா, அத யாரு போட்டுக் கேப்பாங்க, எப்ப அழிப்போம், நடுவுல நிறுத்தலாம், வேண்டாம்னு சொன்னா ஏஆர்டி மாத்திரைக்கோ சிகிச்சைக்கோ ஒரு பாதிப்பும் வராது. இந்தக் கடைசி விஷயத்த ரெண்டு தடவ சொல்லுங்க, ஏன்னா ஆஸ்பத்திரியில நம்மள பாத்தாலே அவங்க ஸ்டாஃப்னுதான் நெனைப்பாங்க, மறுத்தா மாத்திரை நின்னுடும்னு பயந்து தலையாட்டுவாங்க.

கையெழுத்து போட்ட பேப்பரே ஆபத்தா ஆகற எடம் உண்டு, அங்க வாய் வார்த்தை சம்மதத்துக்கு எத்திக்ஸ் கமிட்டிகிட்ட முன்னாடியே கேட்டு வாங்குங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு சாட்சி வேணும், அந்த சாட்சி பக்கத்து வீட்டுக்காரரா இருக்கக் கூடாது. 18 வயசுக்கு கீழன்னா பெத்தவங்க இல்ல காப்பாளர் சம்மதமும் பிள்ளையோட ஒப்புதலும் ரெண்டும் வேணும். அந்த வயசுப் பிள்ளை பாலியல் வன்முறைய சொன்னா போக்ஸோ சட்டப்படி போலீசுக்கு தெரிவிக்கறது நம்ம கடமை, ரகசியம்னு வாக்கு குடுத்துட்டு அப்புறம் முழிக்கக் கூடாது, பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே "இந்த ஒரு விஷயத்த மட்டும் என்னால ரகசியமா வைக்க முடியாது"ன்னு சொல்லிடணும்.

போக வர பஸ் காசும் அன்னிக்கு போன கூலியும் குடுக்கலாம், குடுக்கணும். பீடி சுத்தறவங்களுக்கு நம்மகிட்ட உக்காந்த ஒரு மணி நேரம் கூலி போன ஒரு மணி நேரம். அதுக்காக பணத்துக்காகவே வர்ற அளவுக்கு பெரிய தொகையும் வைக்காதீங்க, எவ்வளவுன்னு நெட்வொர்க் ஆளுங்ககிட்டயே கேளுங்க.

பேட்டி எடுக்கற எடம்

இங்கதான் நிறைய ப்ராஜெக்ட் கெட்டுப் போகுது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

குடியாத்தம் பக்கம் ஒரு தெரு. மத்தியானம் பொம்பளைங்க அஞ்சாறு பேர் ஒரே திண்ணையில மடியில முறம் வச்சு பீடி சுத்திட்டு இருப்பாங்க. நாம பார்க்க வேண்டிய அக்கா அதுல ஒருத்தங்க. நீங்க ஐடி கார்ட தொங்க விட்டுட்டு போய் நின்னா அந்த நிமிஷமே எல்லாருக்கும் சந்தேகம் வந்துடும், "எந்த ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க, அவளுக்கு என்ன"ன்னு. வீடுதான் வசதின்னு நாம நெனைக்கறோம், ஒரே ரூம் வீட்ல மாமியார் படுத்திருப்பாங்க, பிள்ளைங்க ஹோம்வொர்க் எழுதிட்டு இருக்கும், எங்க தனியா பேசறது? அதனால எங்க, எப்பங்கறத அவங்களே முடிவு பண்ணட்டும். சில பேர் நெட்வொர்க் ஆபீஸ்ங்கறாங்க, சில பேர் கோட்டைக்குள்ள புல்வெளியிலங்கறாங்க, அங்க கூட்டத்துல யாரும் யாரையும் கவனிக்க மாட்டாங்க. ஆம்பூர் ஷூ கம்பெனி பொண்ணுங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான். டிரைவருங்களுக்கு மத்தியானம் சாப்ட்டு வண்டிய ஓரம் கட்டியிருக்கற நேரம்.

வீட்லதான் பேசணும்னு ஆயிட்டா, கையில ரெண்டாவதா ஒரு கேள்வித்தாள் இருக்கட்டும், சுகர், பிரஷர், சாப்பாடு பத்தினது. யாராவது உள்ள வந்தா குரல மாத்தாம அப்படியே பக்கத்த திருப்பி "காலையில இட்லி சாப்பிடுவீங்களாமா, கஞ்சியா"ன்னு கேளுங்க. இப்படி மாறுவோம்னு அவங்களுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும், இல்லன்னா அவங்க குழம்பிடுவாங்க. வந்தவங்களும் ரெண்டு நிமிஷம் நின்னு தன்னோட சுகர சொல்லிட்டு போயிடுவாங்க. இது பெண்கள் மேல வன்முறை பத்தின ஆய்வுல இருந்து வந்த பழக்கம், நம்மூர் வீட்டுக்கு ரொம்பப் பொருந்துது.

உங்க போன்ல அவங்க நம்பர "ஏஆர்டி செல்வி"ன்னு சேவ் பண்ணாதீங்க. வாட்ஸாப் குரூப்ல சேக்காதீங்க. அவங்களுக்கு போன் பண்ணி வேற யாராவது எடுத்தா என்ன சொல்லணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. ரோட்ல பாத்தா நீங்களா வணக்கம் சொல்லாதீங்க, அவங்க சிரிச்சா சிரிங்க.

கேக்கும்போது பேப்பர பாத்து படிக்காம முகத்த பாத்து கேளுங்க, அதுக்காக உத்துப் பாக்கவும் வேண்டாம். வயசானவங்க "இன்னாத்துக்கு கண்ணு இதெல்லாம் கேக்குற?"ன்னு கேட்டா அது மறுப்பு இல்ல, காரணம் சொன்னா பேசுவாங்க. "இந்த மாதிரி விஷயத்தால மாத்திரை விட்டுப் போகுதான்னு தெரிஞ்சா சென்டர்ல நேரத்த மாத்த சொல்லி எழுதலாம்மா"ன்னு நேரா சொல்லுங்க. அய்யோ பாவம்னு முகத்த வைக்காதீங்க, "எப்படி வந்துச்சு"ன்னு கேக்காதீங்க. எப்படி வந்துச்சுங்கறது உங்க ஆய்வுக்கு தேவையே இல்லன்னா அந்தக் கேள்வி தாள்லயே இருக்கக் கூடாது. நம்ம பக்கம் எத்தனையோ பொண்ணுங்களுக்கு கல்யாணம் பண்ணிக்கிட்ட ஒரே காரணத்தால வந்திருக்கு, அந்தக் கேள்விய ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் கேட்டுக் கேட்டு அவங்க நொந்து போயிருக்காங்க.

மாத்திரை பத்தி கேக்கறப்ப

"தவறாம சாப்பிடறீங்களா"ங்கற கேள்வி கவுன்சிலர் கேக்கற கேள்வி, அதுக்கு எல்லாரும் மனப்பாடமா "ஆமா" வச்சிருப்பாங்க. "நிறைய பேருக்கு எப்பயாவது விட்டுப் போகும், உங்களுக்கு போன நாலு நாள்ல எப்படி"ன்னு ஆரம்பிங்க. சைபர்ல இருந்து நூறு வரைக்கும் ஒரு கோடு போட்டு, போன மாசம் எவ்வளவு சாப்ட்டீங்கன்னு வெரல வைக்க சொல்லலாம், படிக்காதவங்களும் சரியா காட்டுவாங்க. மாத்திரை வாங்கின தேதியும், சம்மதம் இருந்தா வைரல் லோடும் (ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குங்கற டெஸ்ட்) சேத்துப் பாருங்க. ஆரம்பிச்ச ஆறாவது மாசம், பன்னெண்டாவது மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ வைரல் லோட் எடுப்பாங்க.

ஏன் விட்டுச்சுங்கறதுலதான் விஷயம் இருக்கு. மருந்து டப்பா ஆட்டினா சத்தம் வரும்னு உள்ள பஞ்சு வச்சிருப்பாங்க. லேபிள கிழிச்சிருப்பாங்க, வைட்டமின் டப்பாவுக்கு மாத்தியிருப்பாங்க. வீட்ல சொந்தக்காரங்க நிறைஞ்சிருக்கற திருவிழா வாரத்துல டப்பாவ எடுக்கவே முடியாது. ஏஆர்டி சென்டர்ல குடுக்கற பச்சை புக்க வீட்டுக்கே எடுத்துட்டு போகாம தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து வைக்கறவங்க உண்டு. பக்கத்துல சென்டர் இருந்தும் ரெண்டு பஸ் மாறி தூரத்துக்கு போறவங்க உண்டு, உள்ளூர்ல வரிசையில யாராவது பாத்துடுவாங்கன்னு. இது எதுவும் டிக் அடிக்கிற கட்டத்துக்குள்ள வராது, ஓரத்துல எழுதி வைங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே.

அவங்க உடைஞ்சு போனா

அழுதா உடனே தேத்தாதீங்க, தண்ணி குடுங்க, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. "நிறுத்திடலாமா, இன்னொரு நாள் பேசலாமா, இல்ல தொடரலாமா"ன்னு மூணும் கேளுங்க. நீங்க கவுன்சிலர் இல்ல. ஆனா எங்க அனுப்பணும்னு கைவசம் இருக்கணும்: ஏஆர்டி சென்டர் கவுன்சிலர், நெட்வொர்க், மனநல டாக்டர், சட்ட உதவி. நாகோவோட 1097 இலவச நம்பர மனப்பாடமா வச்சுக்கோங்க. சாகணும்னு யாராவது சொன்னா பேட்டி அங்கயே நின்னுது, சூப்பர்வைசருக்கு அப்பவே போன். பேச்சுல நேத்தோ முந்தாநாளோ ஆணுறை கிழிஞ்சுது, அடுத்தவங்களுக்கு போட்ட ஊசி பட்டுச்சு, வன்முறை நடந்துச்சுன்னு வந்தா, எச்ஐவி இல்லாதவங்களுக்கு 72 மணி நேரத்துக்குள்ள பெப் மருந்து, அதாவது எச்ஐவி தொத்திக்காம தடுக்கற மருந்து, ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கேள்வித்தாள மூடிட்டு மொதல்ல அத சொல்லுங்க.

உங்களுக்கும் இது உள்ள போகும். ஒரு நாளைக்கு ரெண்டு பேட்டிக்கு மேல வைக்காதீங்க. வாரம் ஒரு தடவ டீம் உக்காந்து பேர் சொல்லாம பேசறதுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்னிக்கே எழுதிடுங்க, அடுத்த நாள் பாதி மறந்துடும். பேரு இருக்கற தாள் ஒரு பீரோவுல, பதில் இருக்கற தாள் வேற பீரோவுல, நடுவுல ஒரு கோட் நம்பர் மட்டும். ஆடியோவ சொந்த போன்ல வைக்காதீங்க. பேட்டிய டைப் பண்றப்ப பேர எடுத்துட்டா போதும்னு நெனைக்கறாங்க, "பேரணாம்பட்டுல டேனரியில சூப்பர்வைசரா இருந்து இறந்தவரோட மனைவி, ரெண்டு பொண்ணு, இப்ப டெய்லர் கடை"ன்னு எழுதினா பேரே தேவையில்ல, அந்த ஊர்ல யாருக்கும் புரிஞ்சிடும். ஊர மாவட்டமா ஆக்குங்க, தொழில பொதுவா எழுதுங்க, ஆய்வுக்கு தேவையில்லாத விவரத்த எடுத்துடுங்க.

முடிவு வந்ததும் இங்கிலீஷ் பேப்பரா போட்டுட்டு மறந்துடற ப்ராஜெக்ட்டுங்களதான் நம்ம மக்கள் நிறைய பாத்திருக்காங்க, "வருவாங்க, கேப்பாங்க, போயிடுவாங்க"ன்னு நெட்வொர்க்ல சொல்வாங்க, அவங்க கோபம் சரிதான். நெட்வொர்க்கோட மாசக் கூட்டத்துல அரை மணி நேரம் கேட்டு வாங்கி, பேசற தமிழ்ல சொல்லுங்க: இத்தன பேர்கிட்ட கேட்டோம், இது கிடைச்சுது, இது கிடைக்கல. ஏஆர்டி சென்டர் டாக்டருக்கும் கவுன்சிலருக்கும் ரெண்டு பக்கத்துல தனியா குடுங்க, அவங்களால மாத்த முடிஞ்சத மொத பக்கத்துலயே போடுங்க, வேலைக்கு போறவங்களுக்கு காலையில சீக்கிரம் மாத்திரை குடுக்க முடியுமா, ரெண்டு மூணு மாச மாத்திரைய ஒண்ணா குடுக்க முடியுமா, கூப்பிடறப்ப பேருக்கு பதிலா டோக்கன் நம்பர சொல்ல முடியுமாங்கற மாதிரி. இதுக்கான தேதிய ப்ராஜெக்ட் ஆரம்பிக்கற அன்னிக்கே காலண்டர்ல குறிச்சு, பஸ் காசும் டீ காசும் பட்ஜெட்ல போட்டு வைங்க, ஏன்னா ஃபண்டு முடிஞ்ச பிறகு அதுக்குன்னு யாரும் தனியா பணம் தர மாட்டாங்க.